செல்போன் டவர் படுத்த பிறகு: ஹாம் ரேடியோவை எவ்வளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் போதும், எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். வீட்டு மொட்டைமாடியில் நான் கட்டியிருக்கும் ஆன்டெனாவைப் பார்த்தவர்கள், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். "புயல் வந்தா உங்க செட் வேலை செய்யுமா சார்?" என்று தொடங்கி, "எனக்கும் ஒண்ணு வாங்கித் தர முடியுமா?" என்று முடியும். போனில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே சாவகாசமாக எழுதிவைக்கிறேன். நான் இருப்பது காவிரிக் கடைமடை. அதனால் உதாரணங்களில் கொஞ்சம் உப்புக்காற்று அடிக்கும்.

ஹாம் ரேடியோ என்றால் போலீஸ் வாக்கி டாக்கி மாதிரியா?

பேசுவது அதே மாதிரிதான். பேசுகிறவர்தான் வேறு. அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் கால் சைனும் (காற்றில் அவருக்குப் பெயராக நிற்கும் எழுத்தும் எண்ணும்) வாங்கிக்கொண்டு, காசு வாங்காமல் பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர் ஹாம். அவருக்கென்று உலகளவில் ஒதுக்கப்பட்ட அலைவரிசைகள் இருக்கின்றன. சாதாரண நாளில் ஜப்பான்காரரோடு வானிலை பேசுவார், சாலிடரிங் செய்வார், மனைவியிடம் திட்டு வாங்குவார். ஊர் இருண்டு போகிற நாளில் அதே செட் வேறு வேலைக்கு வரும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நம்பலாமா, கூடாதா?

எதற்கு நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

"முகாமில் 140 பேர். பாலம் உடைந்துவிட்டது. இரண்டு பேருக்கு இன்சுலின் வேண்டும். படகில்தான் வர முடியும்." இந்த மாதிரிச் சின்னச் செய்தியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சேர்க்க வேண்டும், நடுவில் மின்சாரம் இல்லை, டவர் இல்லை, கேபிள் இல்லை என்றால் தாராளமாக நம்பலாம். பத்தாயிரம் பேர் தங்கள் வீட்டுக்குப் பேச வேண்டும், போட்டோ அனுப்ப வேண்டும், பணம் போட வேண்டும் என்றால் கூடாது. ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும்.

இன்னொன்று. செட் பெரும்பாலும் ஏமாற்றாது. ஏமாற்றுவது செட்டை வாங்கி, உறை பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கும் ஆள்.

செல்போன் போகிறது, ஹாம் போகாது என்கிறீர்கள். அப்படி என்ன வித்தியாசம்?

செல்போனில் நீங்கள் எதிர்வீட்டுக்காரரிடம் பேசினாலும் பேச்சு நேராக அங்கே போவதில்லை. உங்கள் போனிலிருந்து டவர், டவரிலிருந்து கண்ணாடி இழைக் கேபிள் வழியாகவோ மைக்ரோவேவ் வழியாகவோ கம்பெனியின் மையம், அங்கிருந்து திரும்பவும் ஒரு டவர், பிறகுதான் எதிர்வீடு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் முடிந்தது. டவருக்குக் கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் கொண்டுவருகிற லாரி வர ரோடு வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் பல பகுதிகளில் போன் ஊமையானது இப்படித்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியபோது டெல்டாவில் பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. சில கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அத்தனை நாள் தாங்குகிற பேட்டரி எந்த டவரிலும் கிடையாது.

ஹாமில் இந்தப் பக்கம் ஒரு செட், ஒரு பேட்டரி, ஒரு கம்பி. அந்தப் பக்கமும் அதேதான். நடுவில் இருப்பது காற்றும் வானமும். அறுவதற்கு ஆள் நட்ட கம்பம் எதுவும் கிடையாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கையடக்க செட் வைத்திருக்கும் பல ஹாம்கள் மலையிலோ உயர்ந்த கட்டடத்திலோ வைத்த ரிப்பீட்டர் (கேட்டதை வலுவாக்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசிப் பழகியவர்கள். ரிப்பீட்டரும் டவர் மாதிரிதான். அதற்குக் கரண்ட் போனால் அவர்களும் ஊமை. ரிப்பீட்டர் இல்லாமல் நேருக்கு நேர் பேசிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள்.

நிஜமாகவே உதவியது உண்டா, அல்லது ஹாம்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பெருமையா?

பெருமையும் உண்டு. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

2004 டிசம்பரில் ஹைதராபாத்தைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று அந்தமான் போயிருந்தது. தலைமை ஏற்றவர் பாரதி பிரசாத். பேரிடருக்காகப் போனவர்கள் அல்ல. அந்தமானிலிருந்து ஹாம் பேசுவதற்குப் பல ஆண்டுகளாக அனுமதி கிடைக்கவில்லை. அதனால் உலகெங்கும் ஹாம்கள் அந்தத் தீவோடு ஒருமுறையாவது பேசிவிட வேண்டும் என்று காத்துக் கிடந்தார்கள். பாரதி பிரசாத் வியு4ஆர்பிஐ என்ற கால் சைனில் போர்ட் பிளேரிலிருந்து ஆயிரக்கணக்கான பேரோடு பேசிக்கொண்டிருந்தார். டிசம்பர் 26 காலை 6.28க்கு நிலம் ஆடியது. பிறகு கடல் வந்தது. விளையாட்டுக்காகக் கொண்டுபோன நிலையம் அன்றே தீவையும் இந்தியப் பெருநிலப்பரப்பையும் இணைக்கும் வழியானது. அடுத்த நாட்களில் குழுவினர் கார் நிக்கோபாருக்கும் போய் நிலையம் அமைத்தார்கள். உறவினர்களைத் தேடி வந்த விசாரிப்புகள் மலைபோல் குவிந்தன.

அதே நாளில் இலங்கையின் தென்கரையில் அம்பாந்தோட்டை உருக்குலைந்து கிடந்தது. இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலக்கவும் நண்பர்களும் இரண்டு முனைகளைத் தயார் செய்தார்கள். ஒன்று அம்பாந்தோட்டையில், இன்னொன்று கொழும்பில் பிரதமரின் அதிகாரபூர்வ இல்லத்தில். வழக்கமான தொலைபேசி வழிகள் செயலிழந்திருந்தபோது அந்தச் சிற்றலை இணைப்புத்தான் பேசியது. அதற்கு ஏறக்குறைய நான்கு ஆண்டு முன்னால், 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்திலும் ஹாம்கள் செட்டைத் தூக்கிக்கொண்டு கட்ச் போனார்கள்.

அந்தமான் கதையைச் சொல்லும்போது எல்லாரும் "ஹாம் ரேடியோ காப்பாற்றியது" என்று முடிப்பார்கள். எனக்கு அதில் உறைப்பது வேறு. சுனாமி வந்த காலையில் அங்கே ஆன்டெனா ஏற்கெனவே நின்றது. செட் வாரக்கணக்கில் ஓடிச் சூடாக இருந்தது. பேசுகிறவருக்குத் தொண்டை பழகியிருந்தது. எந்த நேரம் எந்தப் பேண்டில் எங்கே கேட்கும் என்பது விரல் நுனியில் இருந்தது. அந்தப் பயணம் பத்து நாள் முன்னால் முடிந்திருந்தால் கதை வேறு. அதில் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்வதில் வெட்கம் என்ன?

கைவிட்ட கதையும் இருக்குமே?

இருக்கிறது. 2017 செப்டம்பர். அட்லாண்டிக்கில் இர்மா என்ற ஐந்தாம் வகைப் புயல் கரீபியன் தீவுகளைத் துவைத்துக்கொண்டிருந்த அதே 6ஆம் தேதி, சூரியனில் எக்ஸ் 9.3 அளவில் ஒரு பெருவெடிப்பு (எக்ஸ் என்பதுதான் இருப்பதிலேயே கடுமையான வகை). ஏறத்தாழ பதினோரு ஆண்டு நீளும் அந்தச் சூரியச் சுழற்சியிலேயே அதுதான் பெரியது. பகல் பக்கம் இருந்த நாடுகளில் சிற்றலை வானொலி மூச்சடங்கிப் போனது. 10ஆம் தேதி இர்மா ஃபுளோரிடாவைத் தொட்டபோது இன்னொரு வெடிப்பு, எக்ஸ் 8.2. புயல் செய்திகளுக்காகவே பல ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடும் நெட்டுகளில் நிலையங்கள் ஒன்றையொன்று கேட்க முடியாமல் திணறின.

காரணம் எளிது. வானத்தில் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி அடுக்கு என்று ஒன்று இருக்கிறது. சூரியனின் எக்ஸ் கதிர் அதைக் கெட்டியாக்கிவிட்டால், இன்னும் மேலே இருக்கும் அயனி அடுக்கில் பட்டுத் திரும்ப வேண்டிய சிற்றலையை அது பாதி வழியிலேயே விழுங்கிவிடும். ஒளியின் வேகத்தில் வருவதால் முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. நல்லகாலம், பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தெளிந்துவிடும். இரவுப் பக்கத்தை இது தொடாது. பக்கத்து ஊரோடு பேசும் விஎச்எஃப் செட்டையும் தொடாது. அதனால் சிற்றலை மட்டும் வைத்துக்கொண்டு "நான் தயார்" என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை. இரண்டும் வேண்டும்.

அதே மாதம் 20ஆம் தேதி மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. தீவு முழுக்க மின்சாரம் இல்லை. அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் 50 ஹாம்கள் வரை வேண்டும் என்று கேட்டு, 22 பேர் போனார்கள். இரண்டு வாரத்துக்குள் ஒரே கடலில் ஹாம் ரேடியோ தடுமாறியதும் நடந்தது, தேவைப்பட்டதும் நடந்தது.

எவ்வளவு தூரம் போகும்?

இதற்கு ஒரே பதில் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். இடுப்பில் செருகும் 5 வாட் ஹேண்டி நேர்ப்பார்வைக்குத்தான். ஆள் உயரத்தில் இருவர் வெட்டவெளியில் நின்றால், பூமியின் வளைவு அனுமதிப்பதே ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஊருக்குள் வீடும் மரமும் சேர்ந்தால் அதில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். இரண்டு பக்கமும் 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் 25 கிலோமீட்டர் வரும். வாட்டைக் கூட்டுவதைவிட மாடி ஏறுவது மேல்.

சிற்றலையில்தான் வேடிக்கை. 14 மெகாஹெர்ட்ஸில் பகலில் எனக்கு டெல்லி கேட்கும், ரஷ்யா கேட்கும். நேர்கோட்டில் 260 கிலோமீட்டரில் இருக்கும் சென்னை கேட்காது. அலை சாய்வாக மேலே போய், பல நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் இறங்கும். நடுவில் இருக்கும் ஊர்களுக்கு மேலே அது தாண்டிப் போய்விடும். ஹாம்கள் இதை ஸ்கிப் என்பார்கள். உலகமெல்லாம் பேசும் செட் பக்கத்து மாவட்டத்துக்கு உதவாது என்று சொன்னால் கலெக்டர் ஆபீஸில் யாரும் நம்ப மாட்டார்கள்.

இதற்கு மருந்தும் உண்டு. 7 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி, ஆன்டெனாவை வேண்டுமென்றே தாழக் கட்ட வேண்டும். மொத்தம் 20 மீட்டர் கம்பி, நடுவில் வெட்டிப் பக்கத்துக்குப் பத்துப் பத்து மீட்டர், தரையிலிருந்து நாலைந்து மீட்டர் உயரம். அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய், குடை மாதிரி சுற்றிலும் 300, 400 கிலோமீட்டருக்கு இறங்கும். தமிழ்நாட்டின் பேரிடருக்கு இந்தக் குடைதான் தேவை. இரவில் அயனி அடுக்கு மெலிந்துவிட்டால் 7 மெகாஹெர்ட்ஸ் மேலேயே போய்விடும். அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும், கம்பியை இரட்டிப்பாக்க வேண்டும். தயாராக வெட்டிச் சுற்றிவைத்த இரண்டாவது கம்பி இல்லாதவர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கையைப் பிசைவார்.

நம் பகுதிக்கு ஒரு தனிக் குணமும் உண்டு. பூமியின் காந்தப்புலத்துக்கான நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963இல் முதல் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். அந்தக் கோட்டுக்கு அருகில் சூரியன் மறைந்த பின் அயனி அடுக்கு கொந்தளிக்கும். குரல் நடுங்கி, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல வரும். வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே நம்பினால் இது புரியாது. கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

பேட்டரி எத்தனை நேரம் தாங்கும்?

என் கணக்கு இது. 100 வாட் செட் கேட்கும்போது சுமார் 1 ஆம்பியர் குடிக்கும். பேசும்போது உச்சத்தில் 20 வரை போகும், குரல் ஏறி இறங்குவதால் சராசரி எட்டு என்று வைக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேசினால் மணிக்கு இரண்டரை ஆம்பியர் வரும். 40 ஆம்பியர்-மணி கார் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது. ஆக, எட்டு மணி நேரம்.

நீட்டிக்க வழி: 100 வாட்டை 25 ஆக்குங்கள். சிக்னலின் வலிமையை எஸ் 1, எஸ் 2 என்று படிப்படியாகக் காட்டும் எதிர்ப்பக்க மீட்டரில் ஒரே ஒரு எஸ் அளவுதான் குறையும். பல நேரம் அவருக்கு வித்தியாசமே தெரியாது. பதற்றத்தில் யாரும் இதைச் செய்வதில்லை, குமிழை முழுக்கத் திருகிவைத்துக் கத்துவார்கள்.

பயிற்சி எல்லாம் அவசியமா? செட் இருந்தால் அவசரத்துக்குப் பேசிவிட மாட்டோமா?

மாட்டீர்கள். நானே பேசவில்லை.

சில ஆண்டுக்கு முன் மழைக்காலம் தொடங்குமுன் நண்பர்கள் மூன்று பேர் ஒரு ஒத்திகை வைத்தோம். புயல் முகாமாகப் பயன்படும் ஒரு பள்ளிக்கூடம், அங்கிருந்து 60 கிலோமீட்டரில் இன்னொரு நண்பர் வீடு. காலை எட்டு மணிக்கு இணைப்பு என்று பேச்சு. நைலான் கயிற்றில் கல்லைக் கட்டித் தென்னைமரத்தில் வீசினேன். முதல் வீச்சில் மட்டையில் சிக்கியது, இரண்டாவதில் கல் என் காலருகே விழுந்தது. நாலாவதில்தான் கம்பி ஏறியது. செட்டைப் போட்டேன். மீட்டரில் 12.6 வோல்ட், பிரமாதம். மைக்கை அழுத்திக் கால் சைனைச் சொல்ல வாயெடுத்ததும் செட் அணைந்தது. திரும்பப் போட்டேன், திரும்ப அணைந்தது. சும்மா இருக்கும்போது 12.6 காட்டிய பேட்டரி, சுமை ஏறியதும் பத்தரைக்குக் குப்புற விழுந்தது. டெர்மினலைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. கத்தியால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கி மாட்ட அரை மணி நேரம்.

பிறகு செட் ஓடியது, காது ஓடவில்லை. 7 மெகாஹெர்ட்ஸ் முழுக்க 'ஙொய்' என்று ஒரே இரைச்சல், மீட்டர் எஸ் 9இல் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில், அலுவலக அறை இன்வெர்ட்டர். அதை நிறுத்தியதும் இரைச்சல் நின்று, நண்பரின் குரல் அதுவரை அங்கேயேதான் இருந்தது தெரிந்தது. ஒன்றரை மணி நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். நிஜப் புயலில் முகாமின் ஒரே விளக்கு அந்த இன்வெர்ட்டரில்தான் எரியும். குழந்தைகள் இருக்கும் இடத்தில் விளக்கை அணையுங்கள் என்று சொல்ல முடியுமா? இப்போது நான் ஆன்டெனாவைக் கட்டடத்தை விட்டு 30, 40 மீட்டர் தள்ளிக் கட்டுகிறேன், அதற்கேற்ற நீளத்தில் கேபிள் வாங்கிவைத்திருக்கிறேன்.

மாதம் ஒரு முறையாவது கரண்ட் கனெக்ஷனைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில், வீட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் பேசுகிறாரா என்பதுதான் ஒரு ஹாமை நம்பலாமா என்பதற்கு என் சோதனை. செட்டின் விலையைப் பார்ப்பதில்லை.

செய்தி தப்பாகப் போய்ச் சேர்ந்துவிடாதா?

சேரும். இணைப்பு அறுவதைவிட இதுதான் ஆபத்து, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

தமிழில் பேசுகிறவர்களுக்குத் தனிப் பொறிகள் இருக்கின்றன. இரைச்சலில் அறுபதும் எழுபதும் ஒன்றுபோல் ஒலிக்கும். 'தொ' மட்டும் காதில் விழுந்தால் தொண்ணூறா, தொள்ளாயிரமா என்று ஊகிக்கத் தொடங்குவோம், 90 சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும் 900க்கும் வித்தியாசம் சின்னதில்லை. அதனால் எண்ணை எண்ணாகச் சொல்லக் கூடாது, இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்: "ஒன்பது, சைபர். இரண்டு இலக்கம்." கேட்டவர் எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்பப் படிக்க வேண்டும். நினைவிலிருந்து சொல்லக் கூடாது.

ஊர்ப்பெயர் அடுத்தது. எங்கள் மாவட்டத்தில் கீழையூரும் இருக்கிறது, கீழ்வேளூரும் இருக்கிறது. படகு ஒன்றுக்குப் பதில் இன்னொன்றுக்குப் போய் நின்றால் யாரைக் குறை சொல்வது? "கீழ்வேளூர், ரயில் ஸ்டேஷன் இருக்கிற கீழ்வேளூர்" என்று அடையாளத்தோடு சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆங்கில எழுத்துகளுக்கு ஏ என்றால் ஆல்ஃபா, பி என்றால் பிராவோ என்று அடையாளச் சொற்கள் இருக்கின்றன. நம் ஊர்ப்பெயர்களுக்கு அப்படி ஒன்று நாமே செய்துகொண்டால்தான் உண்டு.

மூன்றாவது, செய்தியைத் திருத்தாதீர்கள். தாசில்தார் எழுதிக் கொடுத்ததில் பிழை இருந்தாலும் அவரிடமே கேட்டுத் திருத்துங்கள். "அவர் இதைத்தான் சொல்ல வந்திருப்பார்" என்று நாமே மாற்றுவது தபால்காரர் கடிதத்தைப் பிரித்துத் திருத்துவது மாதிரி. யார் எழுதியது, எத்தனை மணிக்கு, யாருக்கு என்ற மூன்றும் இல்லாத செய்தியை நான் வாங்குவதில்லை. நேற்றுக் காலைச் செய்தி இன்று மதியம் புதுசாகச் சுற்றிவருவதை இதுதான் தடுக்கும்.

ஒக்கியின்போது ஹாம் இருந்திருந்தால் மீனவர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்கிறார்களே?

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது குமரி மாவட்ட ஆழ்கடல் படகுகள் பல, கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தன. படகில் இருக்கும் கடல்சார் விஎச்எஃப் செட் கரையோடு பேசுவது சில பத்துக் கடல்மைல் வரைதான். அந்த ஆபத்துக்கு வேண்டியது தூரத்துப் படகுக்கும் எச்சரிக்கை போய்ச் சேரும் செயற்கைக்கோள் கருவி. மீன்பிடிப்பவர் தேர்வெழுதி ஹாம் ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல, தொழிலுக்காக ஹாம் அலைவரிசையைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமும் இல்லை. எல்லாப் பூட்டுக்கும் நம் சாவி என்று சொல்லிக்கொள்வதால்தான் ஹாம்களின் பேச்சை அதிகாரிகள் பாதியாகக் கழித்துக் கேட்கிறார்கள்.

சாட்டிலைட் போன் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு?

கிடைக்கிற இடத்தில் சாட்டிலைட் போன் நல்லது, மறுக்கவில்லை. இந்தியாவில் துராயா, இரிடியம் போன்களை அரசின் முன் அனுமதி இல்லாமல் தனியார் வைத்திருக்கவே கூடாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அரசு அமைப்புகளிடம் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை குறைவு, ஒன்றுக்கு ஒன்று பேசுவதுதான். ஹாம் நெட்டில் ஒருவர் சொன்னதை இருபது முகாமும் ஒரே நேரத்தில் கேட்கும். "மருந்து இருக்கிறது, யாருக்கு வேண்டும்?" என்று ஒருமுறை கேட்டால் போதும்.

எல்லாரும் கேட்கலாம் என்றால் ரகசியம்?

இல்லை. மறைகுறியாக்கிப் பேச ஹாமுக்கு அனுமதி கிடையாது. இறந்தவர் பெயர், நோயாளியின் விவரம், நிவாரணப் பணம் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் காற்றில் சொல்லாதீர்கள்.

மற்றவர்களின் செய்தியை ஹாம் அனுப்புவது சட்டப்படி சரியா?

பன்னாட்டு வானொலி விதிகளில், நாடு விட்டு நாடு மூன்றாமவர் செய்தியை அனுப்புவது அவசரத்திலும் பேரிடர் உதவியிலும் மட்டும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. 2003இல் நடந்த மாநாடு இதைத் தெளிவாக்கியது. பேரிடருக்காக ஹாம்கள் முன்கூட்டியே தயாராவதை நாடுகள் ஊக்குவிக்க வேண்டும் என்றும் சேர்த்தது. மற்ற நாளில் "என் மச்சானிடம் சொல்லிவிடுங்கள்" வேலை கூடாது.

ஆன்லைனில் ஒரு வாக்கி டாக்கி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளட்டுமா?

உரிமம் இல்லாமல் ஹாம் செட் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். விற்கிறான் என்பதால் சட்டப்படி சரி என்று ஆகாது. உரிமம் இல்லாமல் பயன்படுத்த வேண்டுமானால் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்திச் செட்டுகளுக்கு விலக்கு உண்டு. முறையான ஒப்புதல் பெற்ற செட்டா என்று பார்த்து வாங்குங்கள். தெரு அளவுக்கு உதவும்.

உரிமம் வாங்குவது கஷ்டமா?

பன்னிரண்டு வயது ஆகியிருந்தால் போதும். அடிப்படை மின்னியலும் விதிகளும்தான் தேர்வு. பத்தாம் வகுப்பு இயற்பியல் மறக்காதவருக்கு இரண்டு மாதம் படிப்பு. தொடக்க நிலை உரிமத்துக்கு மோர்ஸ் கிடையாது, பொது நிலைக்கு உண்டு. கஷ்டம் தேர்வில் இல்லை, அதற்குப் பின் காகிதம் வந்துசேரும் வரை பொறுமையில் இருக்கிறது.

புயல் நாளில் நேராக முகாமுக்கு வந்துவிடலாமா?

வராதீர்கள். அழைக்காமல் வந்து நிற்கும் தன்னார்வலர் சாப்பாட்டுக்கு ஒரு வாய் கூடுதல், அவ்வளவுதான். மழைக்கு முன்பே மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் போய் முகம் காட்டுங்கள். செட்டை மேசைமேல் வைத்து, அவர்கள் கண்முன்னால் நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு குரலை வரவழையுங்கள். விளக்கக் கடிதம் பத்து கொடுப்பதைவிட அது வேலை செய்யும். பொதுமக்கள் உதவிக்கு அழைக்க முதலில் 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை. போன் வேலை செய்கிற வரை போன்தான்.

செட் இல்லாமல் கேட்கவாவது முடியுமா?

முடியும். இணையத்தில் யாரோ வைத்திருக்கும் வானொலி வாங்கிகளை உலாவியில் திறந்து கேட்கலாம். நம் பகுதிக்குப் பேரிடர் நேரத்தில் ஹாம்கள் கூடும் மையங்களாகக் குறித்திருப்பவற்றில் 7110, 14300 கிலோஹெர்ட்ஸ் இரண்டும் அடக்கம். பெரும்பாலான நாள் அங்கே இரைச்சல்தான் கேட்கும். உள்ளூர்க் குரல்கள் வேண்டுமானால் காலையில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வாருங்கள். பெரியவர்கள் சிலர் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் ஆன்டெனா பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். குரல் தெளிவாக வருகிறதா, எந்த ஊர் யாருக்குக் கேட்கவில்லை என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். நவம்பரில் அந்த நோட்டை நான் உங்களிடம் கேட்பேன்.